மாதவிலக்கு என்று நான் சொன்ன இரத்தம்

எனக்கு இரத்தம் போனது மலவாசலால். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. அதற்கிடையில் என் கணவருக்கும், மச்சாளுக்கும், ஒரு டொக்டருக்கும், ஸ்கேன் எடுத்த பிள்ளைக்கும் அது வேறு இடத்தால் போகிறது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். பெண்ணுக்கு இரத்தம் போகிறது என்றால் ஊரில் வேறு எதை நினைப்பார்கள்?

நான் தையல்காரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊர்ச் சந்தியில் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், கவுன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, இவைதான் என் வேலை. துணியும் நூலும் எடுக்க மாதத்துக்கு ஒருமுறை காத்தான்குடிக்குப் போய் வருவேன். மற்றபடி காலையில் மெஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழும்புவேன். கடைக்குக் கக்கூஸ் கிடையாது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரின் கக்கூசுக்குப் போவதென்றால், அங்கே எந்நேரமும் குந்தியிருக்கும் ஆண்களைக் கடந்து போகவேண்டும். அதற்கு வெட்கப்பட்டுப் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். அவசரம் வந்தாலும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் போவேன். இப்படியே பல வருடம். மலம் கல்லுப் போல இறுகி, முக்கி முக்கிப் போவது எனக்குப் பழகிப் போயிற்று. அது ஒரு வருத்தம் என்றே நான் நினைக்கவில்லை.

முதல்முறை இரத்தத்தைக் கண்டது ஒரு காலையில். நோவு எதுவும் இல்லை. போய் முடிந்த பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. நல்ல சிவப்பு. கக்கூசின் வெள்ளைக் கோப்பையில் அது இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, தும்புக்கட்டையால் உரஞ்சி, ஒன்றும் தெரியாதபடி செய்துவிட்டு வெளியே வந்தேன். என் கணவர் வயல் வட்டைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். "என்ன புள்ள, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார். "தலையிடி" என்றேன். முதல் பொய் அதுதான்.

பிறகு சில கிழமை ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திரும்ப வந்தது. பிறகு நின்றது. விட்டு விட்டு வருகிற வருத்தத்தில் உள்ள கெடுதி அது. நிற்கும்போதெல்லாம் சுகமாகிவிட்டது என்று நம்பவைக்கும். கடைசியில் கக்கூசுக்குப் போகாத நேரத்திலும் கசியத் தொடங்கியது. எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கடந்திருந்தது. என் மகள் தனுஷா வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கிறாள், அங்கேயே தங்கியிருக்கிறாள். அவளுடைய அலுமாரியில் இருந்த சானிட்டரி பேட் எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். முடிந்ததும் பாமசியில் வாங்கினேன். "மகளுக்கு" என்று, கேட்காமலே சொன்னேன்.

வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வருடச் சடங்கு. அந்த நாட்களில் ஊரே மச்சம் மாமிசம் விட்டுத் துப்புரவாக இருக்கும். என் கணவரின் அக்கா தங்கமலர் மச்சாள்தான் எங்கள் குடும்பத்துப் பொங்கலுக்கு முன்நிற்பவர். கோயில் வளவில் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். குனிந்து எழும்பியபோது மச்சாள் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார்.

"புள்ள, அசையாம நில்லு. பின்னுக்குச் சீலையில பட்டிருக்கு."

சீலைத் தொங்கலை இழுத்து மூடினேன்.

"உனக்கு நிண்டுட்டுது எண்டெல்லா நெனச்சன். இன்னும் வாறயா?"

இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்று உண்மை. அதைச் சொல்லியிருந்தால், சுற்றி நின்ற பெண்களெல்லாம் என் பின்பக்கத்தை நினைத்திருப்பார்கள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"நிண்டதுதான் மச்சாள். திரும்ப வந்திருக்கு போல."

"அடி கடவுளே! அப்ப ஏன்கா கோயில் வளவுக்க நிக்காய்? கெதியாப் போ. பானையத் தொடாத."

களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் பின்வழியால் வீட்டுக்கு நடந்தேன். நான் களைந்த அரிசியை மச்சாள் கொட்டிவிட்டு வேறு அரிசி எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சடங்கு முடியும்வரை கோயில் பக்கம் போகவில்லை. கடைசி நாள் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாடல் ஒலிபெருக்கியில் வரும்போது வீட்டு வாசலில் இருந்து கேட்டேன். கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த பிறகு நான் போகாத முதல் குளிர்த்தி. மாதவிலக்குத் துடக்குக்காரி என்று ஒதுங்கி இருப்பது எனக்கு இலேசாக இருந்தது. மலவாசலால் இரத்தம் போகிறவள் என்று கோயிலில் நிற்பதைவிட இலேசாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

பொய்க்கு ஒரு குணம் உண்டு, அது தன்பாட்டில் நடக்கத் தொடங்கிவிடும். மச்சாள் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்: நின்ற பிறகு திரும்ப வருவது நல்லதில்லை, கர்ப்பப்பையில் ஏதும் இருக்கலாம், உடனே காட்டு என்று. அவர் சொன்னது சரிதான். மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வழியால் இரத்தம் வந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். எனக்குத்தான் அந்த வழியால் வரவில்லை.

எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டொக்டர், இளம்பிள்ளை. பொறுமையாகக் கேட்டாள். எப்போது நின்றது, எவ்வளவு போகிறது, கட்டியாகப் போகிறதா என்றெல்லாம் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் கற்பனையில் பதில் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா வெளிறிப் போயிருக்கிறீங்க அம்மா. களைப்பு இருக்கா? படி ஏற மூச்சு வாங்குமா?"

இது இரண்டும் உண்மை. மெஷின் மிதிக்கவே களைத்தது. இரத்தம் சோதித்தார்கள். இரத்தச் சோகை கடுமையாக இருந்தது. இரும்புச்சத்துக் குளிசை தந்தாள். கர்ப்பப்பை ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் பிந்தும் என்று என் கணவர் டவுனில் ஒரு தனியார் இடத்தில் காசு கொடுத்து எடுப்பித்தார். வேளாண்மை வெட்டி நெல் விற்ற காசு அது. இல்லாத வருத்தத்துக்குச் செலவழிக்கிறார் என்று தெரிந்தும் நான் வயிற்றில் ஜெல் பூசிக்கொண்டு படுத்திருந்தேன். கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அவர் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பாலத்தால் வரும்போது ஓட்டோவை நிற்பாட்டி எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். "அம்மாள் காப்பாத்திட்டா" என்றார். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

டொக்டருக்குத் திருப்தி இல்லை. ஸ்கேன் சரியாக இருந்தும் இரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்டு, கர்ப்பப்பைக்குள்ளிருந்து சதை எடுத்துச் சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அந்தத் திகதிக்குப் போகாமல் விட்டேன். கடையில் வேலை அதிகம் என்றேன்.

இரும்புச்சத்துக் குளிசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு மலத்தை இன்னும் இறுக்கும், நிறத்தையும் கறுப்பாக்கும். எனக்கு ஏற்கெனவே கல்லு. அதற்கு மேல் இது. முக்க முக்க இரத்தம் கூடியது. இரத்தம் போனதால் தந்த குளிசையே இரத்தத்தைக் கூட்டிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால் குளிசையோடு மலம் இளக்குகிற மருந்தும் தந்திருப்பார்கள். கறுப்பாகப் போவதைக் கண்டதும், குடலுக்குள் எல்லாம் அழுகிவிட்டது, எனக்குப் புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடம் கேட்பது? கேட்பதற்கு முதலில் சொல்லவேண்டுமே.

தனுஷா லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று காலை நான் கக்கூசுக்குள் போய் முக்கியதும் சொட்டு விழவில்லை, பைப் திறந்தது போலப் போனது. எழும்பித் தண்ணீர் ஊற்றக் கையை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், கதவு உடைந்து கிடந்ததும் என் தலை மகளின் மடியில் இருந்ததும்தான். முதல்முறையாக நான் தண்ணீர் ஊற்றாமல் விட்ட கோப்பை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கட்டிலில் கிடத்தினார்கள். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் மோட்டார் சைக்கிளால் விழுந்த ஒருவர். அவரைச் சுற்றி உறவுக்காரர். ஒரு டொக்டர் வந்து என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்க இருந்து இரத்தம் போகுது? பீரியட்ஸா?"

"ஓம்" என்றேன்.

"இல்ல டொக்டர்." தனுஷாவின் குரல். "அம்மாட மலவாசலால போகுது. நான் கண்டன். கனகாலமாப் போயிருக்கோணும், எங்களுக்குச் சொல்லல்ல."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் திரைச்சீலையின் ஓரத்தில் நின்றார். வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு இருந்த கோபத்தில், கையில் பலம் இருந்திருந்தால் என் பிள்ளையை அறைந்திருப்பேன்.

டொக்டர் அங்கால் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இத்தன பேருக்கு முன்னால என்ர மானத்த வாங்கிப்போட்டாய்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் குரல் அழவில்லை.

"நீங்க செத்துப் போனா நான் எந்த இடத்தால இரத்தம் போய்ச் செத்தா எண்டு சொல்லி அழுற அம்மா? அதையும் பொய்யாச் சொல்லட்டா?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் இடம் கிடைத்தது. என்னைக் கட்டிலில் ஏற்றிய நேர்ஸ் மிஸி முகக்கவசத்தை இறக்கி, "அன்ரி, நீங்களா?" என்றாள். அவளுடைய கல்யாண பிளவுஸ் நான் தைத்தது. தோள் அகலம், கை நீளம் எல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். அவள்தான் என் பாவாடையைக் கழற்றி, இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த இடங்களை வெந்நீர் தொட்டுத் துடைத்து விட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். துடைத்து முடித்து, ஆஸ்பத்திரிக் கவுனை மாட்டி, "இந்தக் கவுன் தச்சவன நீங்க கண்டா ஏசுவீங்க அன்ரி" என்றாள். சிரிக்கவேண்டும் போல இருந்தது, முடியவில்லை.

அவள் போன பிறகு ஒன்று யோசித்தேன். ஒரு பக்க மார்பு சின்னதாக உள்ள பெண்ணுக்கு நான் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கூன் தெரியாமல் முதுகை வெட்டியிருக்கிறேன். ஒப்பரேஷன் தழும்பை மறைக்கிற மாதிரிக் கழுத்தை ஏற்றியிருக்கிறேன். அவர்களெல்லாம் என் முன்னால் சட்டையைக் கழற்றி நின்றவர்கள். ஒருத்தியையும் நான் கேவலமாக நினைத்ததில்லை, ஒருத்தியின் கதையும் என் கடையை விட்டு வெளியே போனதில்லை. எனக்கு மட்டும் இந்த உலகம் அப்படி இராது என்று நான் ஏன் நினைத்தேன்? யோசித்ததால் வெட்கம் குறையவில்லை.

வேறு ஒருவரின் இரத்தம் எனக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். ஆண். என் தம்பியின் வயது இருக்கும். இடப்பக்கம் சரிந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னார். திரைச்சீலை முழுதாக மூடியிருந்தது. ஆனால் உள்ளே அவரோடு இன்னொரு டொக்டரும், ஒரு மாணவியும், என் பிளவுஸ்காரி மிஸியும் நின்றார்கள். கையுறைக்கு மேல் களிம்பு பூசி முதலில் விரலால் பார்த்தார். பிறகு விரல் பருமனான ஒரு குழாயை வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நோவைவிட, மலம் வெளிக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. வராது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நோகுதா அம்மா?"

"இல்ல."

அவர் கேள்வியை விட்டுவிட்டார். முடிந்ததும் போர்வையை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய மாதிரியே எழுதுகிறேன்.

மலவாசலின் உட்பக்கத்தில் எல்லோருக்கும் மெத்தை போன்ற சதை உண்டு. அதற்குள் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள். வாசல் நன்றாக மூடிக்கொள்ள அது உதவுகிறது. பல வருடம் முக்கிப் போனால், நெடுநேரம் குந்தியிருந்தால், பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்தில், அந்தக் குழாய்கள் வீங்கிக் கீழே இறங்கும். அதுதான் மூலம். உட்பக்கத்து மூலம் பெரும்பாலும் நோகாது. இறுகிய மலம் உரசிப் போகும்போது வெடித்து இரத்தம் சொட்டும், நல்ல சிவப்பாக. எனக்கு இருந்தது அதுதான். பெரியதாகிவிட்டது, நெடுங்காலம் இரத்தம் போய்விட்டது.

"அப்ப இது மூலம்தானே டொக்டர்? வேற ஒண்டும் இல்லையே?" என் கணவர் கேட்டார்.

"மூலம் இருக்கு. அது மட்டும்தானா எண்டு எனக்கு இன்னும் தெரியாது" என்றார் அவர். மூலம் இருக்கிறவருக்கு வேறு வருத்தம் இருக்காது என்று சட்டம் இல்லை. குடலில் கட்டி இருந்தாலும் இரத்தம் போகும். இந்த வயதில், இவ்வளவு இரத்தம் குறைந்த பிறகு, கமெரா விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்காமல் விடமுடியாது என்றார். கனபேர் மூலம் என்று தாங்களே பெயர் வைத்துவிட்டு, பிந்தி வருகிறார்கள் என்றும் சொன்னார். நான் அந்தப் பெயரைக்கூட வைக்கவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி ஜெஸீமா ராத்தா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நாலு பிள்ளைகளின் தாய். அவருக்கு மலவாசலில் வெடிப்பு. அதில் இரத்தம் கொஞ்சம்தான் போகும், நோவோ போத்தல் ஓடு அறுக்கிற மாதிரி இருக்கும் என்றார். வாட்டுக்கு யார் வந்து "என்ன வருத்தம்?" என்று கேட்டாலும், கடைச் சாமானின் விலை சொல்வது போல உரத்துச் சொல்லுவார். என்னிடமும் கேட்டார். நான் "வயித்து வருத்தம்" என்றேன்.

"வயித்து வருத்தத்துக்கு டொக்டர் பின்னுக்குப் பார்க்கிறயா?" என்று சிரித்தார். "மூலம் எண்டு சொல்லுகா. என்னவோ கள்ளச் சாமான் ஒளிச்சி வச்ச மாதிரி முழிக்காய்."

கமெராவுக்கு முன்னால் குடலைச் சுத்தப்படுத்தவேண்டும். முதல்நாள் பழம், மரக்கறி இல்லை, மெல்லிய சாப்பாடு மட்டும். பிறகு ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் போத்தல் போத்தலாகக் குடிக்கவேண்டும். உப்புக் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் போல இருந்தது. குடித்துக் கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. நடக்க நேரமில்லை. வாட்டுக் கக்கூஸில் ஒன்றுக்குக் கதவுக் கொளுக்கி இல்லை. ஜெஸீமா ராத்தா, தன் நோவோடு எழும்பி வந்து, கதவுக்கு வெளியே முதுகைக் கொடுத்து நின்றார். யாராவது வந்தால், "உள்ளுக்கு என்ர தங்கச்சி இருக்கா, மற்றதுக்குப் போங்க" என்று துரத்தினார். நான் வெளியே வரும்போதெல்லாம் சத்தம் கேட்டிருக்குமே என்று தலை குனிந்தேன். அவர் தன் போத்தல் தண்ணீரை நீட்டினார். "குடி. மறுகா திரும்ப ஓடோணும்."

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் இளநீர் கொண்டுவந்தார். சுத்தப்படுத்தும் நாளில் அது குடிக்கலாம். கக்கூசில் விழுந்தபோது நான் உடுத்திருந்த சீலையைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார். கறை இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்த மனிதர் என் சீலை ஒன்றைத் தோய்த்தது அதுதான் முதல்தடவை.

"மச்சாளக் கொண்டு தோய்ப்பிச்சீங்களா?"

"இல்ல. நான்தான்." கட்டில் ஓரத்தில் இருந்து இளநீரைக் கோப்பையில் ஊற்றினார். "எனக்கிட்டயுமா புள்ள சொல்லல்ல?" என்றார்.

"எப்பிடிச் சொல்ற?"

"எனக்குக் கால் புண் வந்து நாறிக் கிடந்தப்ப நீதானே கழுவின. நான் உனக்கிட்ட மறைச்சனா?"

கோப்பையை வாங்கிக் குடித்தேன். தனுஷா தூரத்தில் ஜெஸீமா ராத்தாவின் தலைமாட்டில் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னோடு அளவாகத்தான் பேசினாள். போகும்போது என் காலைத் தொட்டு, "பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கமெரா விடுவது நான் பயந்த அளவு இல்லை. தூக்கம் வருகிற ஊசி போட்டார்கள். வயிறு ஊதி, கொஞ்சம் முறுக்கியது. மெல்லிய கறுப்புக் குழாய். திரையில் இளஞ்சிவப்பான ஒரு சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் குடல் அவ்வளவு துப்புரவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஓரிடத்தில் டொக்டர் நிறுத்தினார். காளான் மொட்டுப் போல ஒன்று, சின்னக் காம்போடு. அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தூக்கத்திலும் எனக்கு அது விளங்கியது. ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு அதன் காம்பை இறுக்கி, அங்கேயே வெட்டி எடுத்தார்கள். நோகவில்லை. பிறகு மூலத்துக்கு, வீங்கிய சதையின் அடியில் சின்ன ரப்பர் வளையங்களை மாட்டினார்கள். இரத்த ஓட்டம் நின்று அது வாடி, சில நாளில் தானாகக் கழன்று விழுந்துவிடுமாம். இரண்டு நாள் உள்ளே கனத்தது, அவ்வளவுதான்.

வெட்டி எடுத்த மொட்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கடையைத் திறக்கவில்லை. அவர் பப்பாசி வெட்டித் தந்தார், கீரை ஆய்ந்தார், தண்ணீர் குடித்தேனா என்று மணிக்கு மணி கேட்டார். மச்சாள் பார்க்க வந்தார். தனுஷா எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தாள். மச்சாள் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப அண்டைக்கு உனக்குத் துடக்கு இல்ல."

"இல்ல மச்சாள்."

"நான் பானையத் தொடாத எண்டு துரத்தினன். நீயும் போனாய்." அவருக்குக் கோபமா, கவலையா என்று தெரியவில்லை. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வீட்டுக்குக் கூட்டி வந்து சீல மாத்தி விட்டிருப்பன்கா. அம்மாளுக்கு முன்னால பொய் சொல்லிப்போட்டாயே." எழும்பிப் போகும்போது, கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை மேசையில் வைக்காமல் என் கையில் தந்தார்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. முழுதாக எடுத்தாயிற்று, சில வருடத்தில் திரும்பக் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும். என் கணவர் டொக்டரைக் கும்பிட்டார். நான் கதிரையில் இருந்தபடி அழுதேன். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கூடப் பிறந்த ஆக்கள் இருக்கிறாங்களா?"

"ஒரு தம்பி, டொக்டர்."

"அவருக்கும் சொல்லுங்க. இது சில குடும்பங்கள்ல ஓடுற. அவரும் ஒருக்காக் காட்டுற நல்லம். இரத்தம் போனா கட்டாயம் காட்டோணும்."

என் தம்பி சுதா வாழைச்சேனையில் ஆழ்கடல் வள்ளத்தில் போகிறவன். என்னைவிட ஏழு வயது இளமை. பெரிய பேச்சுக்காரன், கடற்கரையில் நாலு பேரைச் சிரிக்கவைப்பவன். போனில் சொல்லலாம் என்று பலமுறை எடுத்தேன். மீன் விலை கேட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

விறாந்தையில் வலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாலா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போயிருந்தாள். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மலவாசல், இரத்தம், கமெரா, மொட்டு. எல்லாவற்றையும் அந்தந்தப் பெயரால் சொன்னேன். என் காது சுட்டது.

அவன் நூலைக் கீழே போட்டான். "அக்கா, உங்களுக்கு என்ன விசரா? இதெல்லாம் ஒரு பொம்பிள தம்பிக்கிட்டச் சொல்ற கதையா?"

"டொக்டர் சொல்லச் சொன்ன."

"எனக்கு ஒரு மசிரும் இல்ல" என்று சொல்லி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாலா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். தட்டத்தை வைத்துவிட்டு, சத்தம் குறைத்துச் சொன்னாள். "அவருக்கும் போகுது மச்சாள். கனநாளா. உடுப்பு நான்தானே தோய்க்கிற. கேட்டா, வள்ளத்துப் பலகையில இருந்து உரசின எண்டுற. நானும் கேக்காம விட்டுட்டன்."

"ஏன் மாலா கேக்காம விட்ட?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கேள்வி எவ்வளவு மடத்தனமானது என்று எனக்கே விளங்கியது.

நான் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் சுதாவின் மோட்டார் சைக்கிள் வந்து என் முன்னால் நின்றது. அவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினான்.

"எத்தின பேர் நிப்பாங்க அக்கா? உள்ளுக்கு, பார்க்கக்குள்ள?"

ஒருவர்தான் என்று சொல்ல வாய் வந்தது. அப்படிச் சொன்னால் வருவான்.

"எனக்கு நாலு பேர் நிண்ட" என்றேன்.

அவன் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு லொறி போய் மறைந்தது.

"என்னைக்குக் கிளினிக்?"

"புதன்கிழம."

புதன்கிழமை நான் வெள்ளெனப் போய் வரிசையில் இடம் பிடித்து வாங்குப் பலகையில் இருந்தேன். வருவான் என்று நம்பவில்லை. வந்தான். ஹெல்மெட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஒரு அட்டென்டன் வந்து, உள்ளுக்கு ஹெல்மெட் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் அசையவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. அதற்குள் ஒளிந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்து மிஸி அவன் முழுப்பெயரையும் உரத்துக் கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். அவன் எழும்பி, ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் முழுக்க வியர்வை. அதை என் மடியில் வைத்துவிட்டு, ஒருவரையும் பாராமல் உள்ளே போனான்.